ஏழாம் நம்பர் காட்டுக்குப் போன புகை

முதன்முதலில் கூரை ஏறாமல் வாசற்படி இறங்கி நடந்த புகை, ஜெபமேரி வீட்டில் கருவாடு சுட்ட புகைதான் என்பதில் கருமேட்டு எஸ்டேட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஜெபமேரியைத் தவிர. அது கங்காணி வீட்டு வெந்நீர் அடுப்புப் புகை என்று அவள் இன்றுவரை சாதிக்கிறாள். யார் வீட்டுப் புகையாக இருந்தால் என்ன, மழை விட்டு வெயில் அரைமனதோடு எட்டிப் பார்த்த ஒரு காலையில், எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளின் புகையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடுப்படியை விட்டு எழுந்து, நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து, படி இறங்கி, குழாயடியில் குடம் வைத்து நின்ற பெண்களிடம் வழி கேட்பதுபோலக் கொஞ்சம் தயங்கி நின்று, பிறகு ஓடையைத் தாண்டி ஏழாம் நம்பர் காட்டுக்குள் போய்விட்டன. பெண்கள் குடத்தை நகர்த்தி வழி விட்டார்கள். "பாத்துப் போ, பாசி வழுக்கும்," என்று ஒருத்தி சொல்லிக்கூட அனுப்பினாள்.

ஏழாம் நம்பர் காடு என்பது முன்பு காடே அல்ல. எஸ்டேட் ஆட்களுக்குத் தேயிலை நிற்கிற சரிவெல்லாம் காடுதான். வெள்ளைக்காரன் காலத்திலேயே அவற்றுக்கு நம்பர் போட்டு வைத்திருந்தார்கள். பிறகு ஒருநாள் கம்பெனி நஷ்டம் என்று சொல்லி ஃபாக்டரியைப் பூட்டியது, பங்களாவின் நாற்காலி மேசைகளையும் நாயையும் மறக்காமல் லாரியில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கிப் போனது, ஆட்களை மட்டும் மறந்துவிட்டது. ஆட்கள் இறங்கவில்லை, இறங்கிப் போக அவர்களுக்குக் கீழே ஒன்றும் இல்லை. தேயிலையும் இறங்கவில்லை, அது ஏறியது. தேயிலை செடியல்ல, மரம் என்பதும், கவாத்துக் கத்தியால் வெட்டி வெட்டி அதை இடுப்பளவில் மண்டியிட வைத்திருந்தார்கள் என்பதும் ஒச்சம்மாவுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வெட்டியவர்களில் அவளும் ஒருத்தி. கத்தி வராத முதல் மழைக்காலத்தில் அது நம்பாமல் சுற்றுமுற்றும் பார்த்தது, அடுத்த மழைக்கு எழுந்து நின்றது, அதற்கடுத்த மழைக்கு ஆள் உயரத்தைத் தாண்டியது. அதன் இடுக்குகளில் பறவைகள் எச்சமிட்டுப்போன விதைகளிலிருந்து வட்டக்கண்ணியும் காட்டு நெல்லியும் பேர் தெரியாத கொடிகளும் முட்டி மோதிக்கொண்டு முளைத்தன. மேலே, வெள்ளைக்காரனின் கோடாரிக்கு எட்டாத செங்குத்தில் தப்பிப் பிழைத்த பழைய சோலை, வெடிப்பலாவும் நாங்கு மரமும் அடர்ந்த இருட்டோடு நின்றுகொண்டு, தன் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருந்தது.

புகை நடக்க ஆரம்பித்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை. கம்பெனி ஒரே நாளில் காணாமல் போவதைப் பார்த்த ஜனம் அது, இதற்கெல்லாம் வாய் பிளக்குமா? அடுப்பை வாசல் பக்கம் மாற்றினால் புகைக்கு நடை மிச்சம் என்று சிலர் மாற்றிக்கொண்டார்கள். மாரியம்மன் கோவில் சாம்பிராணியும் மாதா கோவில் சாம்பிராணியும் ஒன்றாகவே போயின, திருவிழாவில்கூட அவை சண்டை போட்டதில்லை. கடைசி பஸ் ஸ்டாப்பில் பஸ்ஸின் புகைதான் முதலில் இறங்கும், பிறகுதான் ஜனம் இறங்கும். விருந்தாளி மாப்பிள்ளை ஒருவர் புகைக்கு நடுவே குறுக்கே நடந்துபோனதற்கு, "என்ன மரியாதை தெரியாத குடும்பம்," என்று பெண் வீட்டார் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

நாளாக ஆக, சமவெளிப் புகைகளும் வர ஆரம்பித்தன. செங்கல் சூளைப் புகை, மில் புகை, லாரிப் புகை என்று கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மூச்சு வாங்கி உட்கார்ந்து எழுந்து, களைத்துப்போய் மலையேறி வந்தன. லயத்து நாய்கள் அவற்றைப் பார்த்து மட்டும் குரைத்தன. வெளியூர்ப் புகைக்கு நம் காட்டில் இடம் கொடுக்கலாமா என்று கோவில் மைதானத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். "நம்ம புகைய விட அதுகளுக்குத்தான் போக்கிடம் இல்ல," என்று ஜெபமேரி சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கம்பெனி போனபிறகு மேய்க்க ஆள் கிடைக்காமல் வாடிப்போயிருந்த கங்காணி முத்துவீரனுக்கு அன்றைக்குத்தான் உயிர் வந்தது. பழைய கம்பை எடுத்துக்கொண்டு ஓடைக்கரையில் நின்று, "ஏய், வரிசை! செங்கச் சூளை, ஓரமா போ! தள்ளாத, எல்லாருக்கும் எடம் இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். புகைகளும் அவர் சொன்னதைக் கேட்டன, அவர் ஆட்கள்தான் என்றைக்கும் கேட்டதில்லை.

எந்த மரம் புகையை எப்படிக் குடிக்கும் என்பது சீக்கிரமே ஊருக்கு அத்துப்படி ஆயிற்று. ஏழாம் நம்பர் காட்டின் இளமரங்கள் பஞ்சத்தில் அடிபட்டவர்கள் பந்தியில் உட்கார்ந்ததுபோலக் குடித்தன. வட்டக்கண்ணி இலை காலையில் தட்டு அளவு இருந்தால் அடுத்த வாரம் முறம் அளவு இருந்தது. மேலே சோலையின் பெரிய மரங்கள் அவசரப்படாமல் குடித்தன, ஆனால் குடித்ததை விட்டதே இல்லை. அந்த மரங்களில் காதை வைத்தால் உள்ளே முதல் ரயிலின் புகையும், கப்பல்களின் புகையும், யாரோ என்றோ சுட்டுத் தின்ற கிழங்கின் புகையும் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருப்பது கேட்கும் என்று விறகு பொறுக்கப் போனவர்கள் சொன்னார்கள். எவ்வளவு உண்மை என்று கேட்டால் போய்க் காதை வைத்துப் பார் என்பார்கள்.

இதில் ஒச்சம்மாவுக்கு மட்டும் தனிக் கணக்கு இருந்தது. அவள் புருஷன் சங்கையா ஆயுசு பூரா ஃபாக்டரி அடுப்பில் விறகு தள்ளியவர். ஒரு பீடி குடித்தவரில்லை. அப்படியும் கம்பெனி பூட்டிப்போன வருஷம் அவர் நெஞ்சு கரிச்சட்டியாகிவிட்டது. நெஞ்சில் புகை குடியேறிவிட்டது, இனி காலி பண்ணாது என்று கீழே ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கட்டிலிலிருந்து கதவு வரை போய் வருவதே அவருக்கு ஒரு பயணம். "தண்ணி" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கி, "கொஞ்சம்" என்று சொல்லிவிட்டு, மறுபடி மூச்சு வாங்கி, "குடு" என்பதற்குள் ஒச்சம்மா செம்போடு வந்து நிற்பாள்.

புகைகள் நடக்க ஆரம்பித்து ஒரு வாரம் போல இருக்கும், சங்கையாவின் வாயிலிருந்து கறுப்பாக, நூல் கனத்தில், கால் ஊனமானதுபோல நொண்டிக்கொண்டு ஒன்று இறங்கியது. எரிந்த கற்பூரமர விறகும் வறுத்த தேயிலையும் கலந்த அந்த வாசனையை ஒச்சம்மா உடனே அடையாளம் கண்டாள். அது ஃபாக்டரி அடுப்பின் வாசனை. படி இறங்க அது சிரமப்பட்டது. ஒச்சம்மா அதன் கூடவே ஓடை வரை போனாள். ஓடையை ஒட்டி நின்ற ஒரு வட்டக்கண்ணி மரத்துக்குள் அது நுழைந்தது, மறுநாளும் ஒரு நூல், அதற்கு மறுநாளும் ஒரு நூல். சங்கையா கதவு வரை நடந்தார், பிறகு குழாயடி வரை, பிறகு மாதா கோவில் படி வரை. ஒருநாள் குழம்பில் உப்பு தூக்கல் என்று ஆரம்பித்து, ஒச்சம்மாவின் அம்மா வீட்டுச் சமையல் வரைக்கும் இழுத்துச் சண்டை போட்டார். அவ்வளவு நீளச் சண்டைக்கு அவரிடம் மூச்சு இருந்ததே என்று ஒச்சம்மா அடுப்படியில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள், பிறகு வெளியே வந்து பதிலுக்குச் சண்டை போட்டாள்.

அந்தக் கோடையில்தான் கருமேட்டு ஆட்கள், தேயிலை ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு முட்டாள்தனத்தைச் செய்தார்கள். கீழிருந்து வரும் புகை பெருத்துப்போய், ஓடைக்கரையில் நெரிசல். கங்காணி யோசித்தார். "தேயிலை ஏன் துளிர்க்குது? கவாத்துப் போடுறதால. துளிர்த்தா பசிக்கும், பசிச்சா குடிக்கும். ஒரு கவாத்துப் போட்டு விடுவமா?" பரம்பரை பரம்பரையாக வெட்டித் துளிர்க்க வைத்தவர்களுக்கு அது சரியாகவே பட்டது. ஒச்சம்மா கத்தியைத் தீட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள், அவ்வளவு பிரியத்தோடு, தலைவாரி விடுவதுபோல, ஓடையோரச் சரிவு முழுக்க நுனி நுனியாக வெட்டினார்கள்.

வெட்டு வாயிலிருந்தெல்லாம் புகை வந்தது. குடித்த புகை, வந்த வழியே திரும்பி நடந்தது. ஜெபமேரி வீட்டில் போன வருஷத்துக் கருவாடெல்லாம் ஒரே நேரத்தில் மணத்தது. சூளைப் புகைகள் புலம்பிக்கொண்டே மலையிறங்கின. கறுத்த, நொண்டிப் புகை ஒச்சம்மாவைத் தாண்டி, கூப்பிடக் கூப்பிட நிற்காமல், வீட்டுக்குள் போய்ச் சங்கையாவின் நெஞ்சில் பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. அவர் மறுபடி கட்டிலோடு விழுந்தார். "நாமதான வெட்டுனோம், நமக்குத்தான வரும்," என்று ஒச்சம்மா தன்னையே திட்டிக்கொண்டு அந்தக் கோடை முழுக்கத் தலை வாராமல் திரிந்தாள். கவாத்துக் கத்தி அன்றோடு பலாப்பழம் அறுக்கப் போய்ச் சேர்ந்தது. மழை வந்தது, மரங்கள் அவளை மன்னித்தனவோ இல்லையோ, விட்ட இடத்திலிருந்து வளர்ந்தன. மெல்ல மெல்ல, நூல் நூலாக, சங்கையா மறுபடி குழாயடி வரை வந்து சேர்ந்தார்.

அப்போதுதான் கம்பெனிக்கு ஞாபகம் வந்தது. ரகுநாத் என்று ஒரு புதுத்துரை ஜீப்பில் வந்து இறங்கினார். மரம் புகை குடிக்கிற விஷயம் கீழே தெரிந்துவிட்டது, இப்போது மில்காரர்களும் சூளைக்காரர்களும் தங்கள் புகைக்கு மரத்தில் இடம் பிடிக்கப் போட்டி போடுகிறார்கள், கம்பெனி அந்த இடத்தை விற்கப் போகிறது. ஆனால் இந்தக் காட்டை அப்படியே விற்க முடியாதாம். "இது காடில்லைங்க, புதர்," என்று கோவில் மைதானத்தில் நின்று சொன்னார். "ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை, எதை அளக்கிறது? இதை வழிச்சு எடுத்துட்டு ஒரே சாதி மரமா, நூல் பிடிச்ச மாதிரி நடப்போறோம். மேல இருக்கிற கிழட்டுச் சோலையையும்தான். அதுங்க குடிக்கிற வயசைத் தாண்டிடுச்சு."

"நட்ட கன்னு எப்பத் தொரை குடிக்கும்?" என்று ஜெபமேரி கேட்டாள்.

"வளரணும்ல? ஒரு பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகும்."

"அதுவரைக்கும் இதுக குடிச்சு வச்சிருக்கிறது எங்க போகும்?"

துரை தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தார். மூடியைத் திருகிக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

யார் அசைந்தால் ஊர் அசையும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும், மறுநாள் ஒச்சம்மாவின் வாசலில் வந்து நின்றார். "உங்க வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டேன். ரொம்பக் கஷ்டமா இருந்தது. அந்த ஒரு மரத்தை நாங்க தொடமாட்டோம். சுத்தி வேலி போட்டு, உங்க பேர்ல பலகை வச்சுத் தரோம். நீங்க மட்டும் வெட்டுறதுக்குச் சம்மதம்னு ஊர்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

ஒச்சம்மாவுக்குச் சரி என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஊர் எக்கேடும் கெட்டுப் போகட்டும், இந்த மனுஷன் மூச்சு விட்டால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றியதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, மத்தியானம் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

சங்கையா எல்லாவற்றையும் உள்ளேயிருந்து கேட்டிருந்தார். "ஒத்த மரம்," என்றார். மூச்சு வாங்கினார். "எத்தன நாளைக்குத் தனியா நிக்கும்? காத்து அடிச்சாச் சாயும்."

"அது நிக்குற வரைக்குமாவது நீங்க இருப்பீங்கல்ல?"

"இருந்து? நான் வேலிக்குள்ள மூச்சு விட, ஊரெல்லாம் இருமுறதப் பாத்துக்கிட்டு இருக்கவா?" இந்தமுறை வெகுநேரம் மூச்சு வாங்கினார். "ஆயுசு பூரா அவங்க அடுப்பத் தின்னுருக்கேன் ஒச்சம்மா. அவங்க போடுற பிச்சையில மூச்சு விடமாட்டேன். போய் முடியாதுன்னு சொல்லு. சத்தமாச் சொல்லு, எனக்கு இங்க கேக்கணும்."

அவள் போய்ச் சொன்னாள். பங்களா முற்றத்தில் நின்று அவள் சொன்ன "முடியாது" லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது. துரைக்கு முகம் சுருங்கியது. "எந்த மரம்னு காட்டுங்க," என்றார் பக்கத்திலிருந்தவரிடம், "அதுலயிருந்தே ஆரம்பிக்கலாம்."

காலையில் பொக்லைனும் அதன் பின்னாலேயே துரை உட்கார்ந்த ஜீப்பும் ஓடைக்கரைக்கு வந்தபோது லயம் முழுக்க அங்கே நின்றது. சங்கையாவையும் நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். மெஷின் ஆட்களைச் சுற்றிக்கொண்டு போய், அந்த வட்டக்கண்ணியை ஒரே தள்ளில் தள்ளியது. மரம் மளமளவென்று முறிந்து விழுந்தது. பிறகு முறிந்த அடியிலிருந்து கறுப்பாக அது எழுந்தது. நூல் நூலாகப் போய்ச் சேர்ந்ததெல்லாம் ஒன்றாகி, இப்போது ஆள் கனத்தில், நொண்டி நொண்டி, தலை குனிந்தபடி, சங்கையாவின் நாற்காலியைப் பார்த்து வந்தது. ஜெபமேரி கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தாள்.

ஒச்சம்மா நடுவில் போய் நின்றாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எங்க வர்ற?"

புகை நின்றது.

"உன்னையத்தான் கேக்குறேன், எங்க வர்ற? அன்னிக்கி நாங்க வெட்டுனோம், வந்த, வாயத் தொறக்காம வாங்கிக்கிட்டோம். இன்னிக்கி வெட்டுனது யாரு? இந்த மனுசன் நெஞ்சுக்கு வர்றதுக்கு முந்தி எங்க இருந்த நீ? இவரு பீடி குடிச்சு வந்தியா? எங்க அடுப்புல சோறு பொங்கி வந்தியா? ஃபாக்டரி அடுப்புல பொறந்தவன்தான நீ? அந்த ஃபாக்டரி யாருது? பெத்தவன் வீடு தெரியாம இத்தன வருசமா எவன் நெஞ்சுலயோ வந்து ஒண்டிக்கிட்டுக் கெடந்திருக்க, வெக்கமா இல்ல? அந்தா நிக்குது பாரு ஜீப்பு. போ. உன் வீட்டுக்குப் போ!"

புகை சங்கையாவைப் பார்த்தது, ஒச்சம்மாவைப் பார்த்தது, முதல்தடவையாக நிமிர்ந்து ஜீப்பைப் பார்த்தது. தலையில் தட்டிச் சொன்னபிறகு கணக்குப் புரிந்ததுபோல அது மெல்லத் திரும்பியது. மெஷின் ஓட்டியவர் கீழே இறங்கி அதற்கு வழி விட்டார். ஜீப்பின் முன் சீட்டில் ஏறி, துரையின் மடியில் ஒரு காலும் சீட்டில் ஒரு காலுமாக அது உட்கார்ந்தபோது, மேலே சோலையிலிருந்து ஃபாக்டரியின் பழைய புகையெல்லாம், தாங்களும் போக வேண்டுமா என்று கேட்பதுபோல எட்டிப் பார்த்தன. "இப்ப வேணாம், அப்புறம் சொல்றோம்," என்று கங்காணி கம்பைக் காட்டி நிறுத்தி வைத்தார்.

துரை ஜன்னலைத் திறந்தார், மூடினார், இருமினார், இறங்கி ஓடினார், அதுவும் இறங்கி நொண்டிக்கொண்டே கூடவே ஓடியது. கடைசியில் இரண்டும் ஒன்றாகவே கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் போனதை ஊர் பார்த்தது. கீழே நகரத்தில், கம்பெனியின் கண்ணாடிக் கட்டடத்தில், அது லிஃப்டில் ஏறி, வழி கேட்டுக் கேட்டு மேல்மாடிக்குப் போய், முதலாளிகள் கூட்டம் போடுகிற நீள மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டதாம். ஏசி போட்டார்கள், மின்விசிறி வைத்தார்கள், பூஜை செய்தார்கள், பூஜைப் புகையும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. மேல்மாடியில் ஒருவரால் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை.

அந்த வார முடிவில் துரையிடமிருந்து ஜெபமேரிக்குப் போன் வந்தது. குழாயடியில் எல்லாரும் கேட்க அவள் ஸ்பீக்கரில் போட்டாள். "அதைத்," என்று சொல்லி இருமினார் துரை, "திரும்பக்," என்று மூச்சு வாங்கினார், "கூப்பிடச் சொல்லுங்க. வேணும்னா ரெண்டு மரத்துக்கு வேலி."

ஒச்சம்மா வாயைத் திறப்பதற்குள் சங்கையா, நாற்காலி இல்லாமல், கம்பு இல்லாமல் நடந்து வந்து போனை வாங்கினார்.

"தொரை, நான் சங்கையா பேசுறேன், உங்க ஃபாக்டரி அடுப்புல வெறகு தள்ளுன சங்கையா, என்னைய உங்களுக்குத் தெரியாது, தெரிய வேணாம், ஆனா அங்க வந்து உக்காந்திருக்கானே அவன எனக்கு நல்லாத் தெரியும், இத்தன வருசமா என் நெஞ்சுலதான் கெடந்தான், பெத்த மக கல்யாணத்துல நாலு பேர வாங்கன்னு கூப்புட முடியாமப் பண்ணுனான், அவன வாங்கி வச்சுக்க இந்த ஒலகத்துல ஒரு வட்டக்கண்ணி மரத்துக்குத்தான் மனசு வந்துச்சு, அதத்தான் நீங்க மொதல்ல தள்ளுனீங்க, இப்பவும் அவன அனுப்புங்க, மரம் வேணாம்னு சொல்லாது, அதுகளுக்கு அந்தப் புத்தி கெடையாது, ஆனா வேலிக் கம்பி, மெஷினு, நூல் புடிச்சு நடுற கன்னு, ஒண்ணு இந்த ஓடையத் தாண்டுச்சுன்னாலும், நெட்டையும் குட்டையுமா நிக்குற இந்தப் புதரும், மேல நிக்குற கெழட்டுச் சோலையும் உங்க பாட்டன் காலத்துலயிருந்து வாங்கி வச்சிருக்குற அம்புட்டுப் புகையையும், எது எவன் வீட்டுதுன்னு அடையாளஞ் சொல்லி, வழி காட்டி, பஸ் ஏத்தி நாங்களே அனுப்பி வைப்போம், வாசக் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காருங்க, சொல்லிப்புட்டேன்!"

இத்தனையையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். குழாயில் தண்ணீர் நிரம்பி வழிந்ததை ஒருத்தரும் கவனிக்கவில்லை. ஒச்சம்மா பயந்துபோய் செம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, "தண்ணி வேணுமா?" என்றாள்.

"வேணாம் இரு," என்று அவளைக் கையால் விலக்கினார் சங்கையா. "இன்னும் சொல்ல வேண்டியது இருக்கு."

அடுத்த மூச்சை இழுத்தார்.